முன்வரிசை டிரம்மை மட்டும் திறக்காதீர்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறிய அளவில் மருந்து ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கும் ஆலை மேலாளர்களுக்கும்,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். சிரப்பும் மாத்திரையும் செய்யும் கம்பெனிகளில் சாம்பிள் எடுக்கும் கெமிஸ்டாகச் சேர்ந்து, கியூஏவில் (தர உறுதிப் பிரிவு) பேட்ச் ரிலீஸுக்குக் கையெழுத்துப் போடும் இடம்வரை வந்து ஓய்வு பெற்றவன். யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. எந்தக் கம்பெனி பெயரும் இதில் வராது.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஆய்வகத்துக்குக் கருவி வாங்க நீங்கள் லட்சக்கணக்கில் செலவு செய்கிறீர்கள். ஆடிட்டர் வந்தால் முதலில் மருந்தின் அளவைப் பிரித்துக் காட்டும் அந்த எச்பிஎல்சி கருவியைத்தான் காட்டுகிறீர்கள். சோதனைக்கு என்று ஆய்வகத்துக்குப் போகும் அந்த நூறு மில்லி மூலப்பொருளை யார், எந்த டிரம்மிலிருந்து, எப்படி எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. எடுத்தது தப்பென்றால் கருவி என்ன செய்யும்? அந்த நூறு மில்லியைப் பற்றி உண்மையைச் சொல்லும். வந்து இறங்கிய லோடைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

2025 அக்டோபரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பின் ஒரு பேட்ச்சில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் தொழிற்சாலைத் திரவமான டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருப்பதாகத் தமிழ்நாடு அரசின் ஆய்வகம் கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். கேரளத்தில் அந்த மருந்தின் விற்பனையை உடனே நிறுத்தினார்கள். அந்த வாரம் எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பெண்கள் வீட்டிலிருந்த சிரப் பாட்டில்களை, எந்தக் கம்பெனியுடையது என்றுகூடப் பார்க்காமல், பையோடு கொண்டுவந்து கவுண்டரில் வைத்து "இது குடுக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் உங்கள் பாட்டில்களும் இருந்தன.

48.6 என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பாட்டிலில் கிட்டத்தட்டப் பாதி. இதைப் பிடிக்க நேர்த்தியான சாம்பிளிங் பிளான் எதுவும் வேண்டியதில்லை. எந்த டிரம்மிலிருந்தாவது, எந்த பாட்டிலிலிருந்தாவது யாராவது ஒருவர் எடுத்து, சரியான சோதனையைச் செய்திருந்தால் போதும். சிரப்பை முடித்த பிறகு வழக்கமாகச் செய்யும் சோதனையில் இது தெரிந்திருக்காதா என்று வெளியாட்கள் கேட்கிறார்கள். தெரியாது. பாராசிட்டமால் எவ்வளவு இருக்கிறது என்று அஸே போட்டால் 99, 100 என்று அழகாக வரும். அந்தச் சோதனை மருந்தைத் தேடுகிறது, மருந்து கரைந்திருக்கும் திரவம் என்ன என்று பார்ப்பதில்லை. அதனால்தான் மூலப்பொருளை வாசலிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

இது புதுக் கதையும் அல்ல. அமெரிக்காவில் 1937-ல் சல்ஃபனிலமைடு எலிக்ஸிர் என்ற திரவ மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே திரவம்தான். மும்பையில் 1986-ல், குருகிராமில் 1998-ல், ஜம்முவில் 2019-20-ல், இந்தியச் சிரப் போய்ச் சேர்ந்த காம்பியாவில் 2022-ல். இவற்றில் சாம்பிள் எடுப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லிக்கொடுப்பது 2006-ல் பனாமாவில் நடந்ததை. கிளிசரின் என்று பெயர் போட்டுச் சீனாவிலிருந்து கிளம்பிய டிரம்களில் இருந்தது கிளிசரினே அல்ல. பெய்ஜிங் வியாபாரி, பார்சிலோனா வியாபாரி, பனாமா வியாபாரி என்று மூன்று கை மாறி வந்தது. ஒவ்வொரு கையிலும் சான்றிதழ் புதுப் பெயரில் அச்சாகிக்கொண்டே வந்தது. டிரம்மைத் திறந்து சோதித்தவர் வழியில் ஒருவரும் இல்லை. நீங்கள் ஃபைலில் வைத்திருக்கும் சிஓஏவை, அதாவது அந்தத் தரச் சான்றிதழை, எடுத்துப் பாருங்கள். அதில் தயாரித்தவரின் பெயர் இருக்கிறதா, விற்றவரின் பெயர் மட்டும் இருக்கிறதா?

சரி, நம் ஊர் ஸ்டோர்ஸுக்கு வருவோம்.

சிரப்பில் மருந்தைக் கரைக்கும் திரவமான புரொபிலீன் கிளைக்கால் 16 டிரம் வந்து இறங்குகிறது. ஒவ்வொன்றும் 215 கிலோ. நான்கு பேலட்டில், பேலட்டுக்கு நான்கு. சோதனை முடியும்வரை ஒதுக்கி வைக்கும் குவாரண்டைன் ஏரியாவில் இடம் இல்லாததால் சுவரோடு சேர்த்து இரண்டு வரிசை. மஞ்சள் லேபிள் ஒட்டியாகிவிட்டது. டிரம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்று கூட்டு: நான்கும் ஒன்றும் ஐந்து. ஐந்து டிரம் திறக்க வேண்டும். எந்த ஐந்து? செயல்முறை விதித்தாளான எஸ்ஓபியில் 'ரேண்டம்' என்று இருக்கும். நடப்பில் கைக்கு எட்டும் ஐந்து. பின்வரிசை டிரம்மை எடுக்க முன்வரிசையை நகர்த்த வேண்டும், அதற்கு ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் டிஸ்பேட்சில் நிற்கும். டிஸ்பேட்ச்காரர் விட மாட்டார். சாம்பிள் எடுக்கும் பையனுக்கு மதியத்துக்குள் இன்னும் நான்கு மெட்டீரியல் பாக்கி இருக்கும். அவன் என்ன செய்வான்? சில இடங்களில் அந்த ஐந்துகூடக் கிடையாது. ஒரே டிரம்மிலிருந்து ஐந்து பாட்டில் நிரப்பி ஐந்து எண் எழுதுவது நடக்கிறது. நடக்கவில்லை என்று உங்களில் யாராவது சொன்னால், ஒரு காரியம் செய்யுங்கள். 'சாம்பிள்ட்' ஸ்டிக்கர் ஒட்டிய டிரம்களின் மூடிச் சீலைப் போய்ப் பாருங்கள். எத்தனை சீல் உடைந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஒழுங்காக ஐந்தையும் எடுத்தாலே கணக்கு என்ன சொல்கிறது? 16-ல் ஒரு டிரம் மட்டும் வேறு பொருள் என்று வையுங்கள். அது உங்கள் ஐந்தில் சிக்க வாய்ப்பு 16-க்கு 5. மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் தப்பிவிடும். இந்த வர்க்கமூலக் கணக்கு 1920-களில் அமெரிக்காவில் விவசாயப் பொருள்களைச் சோதிக்க எழுந்த பழக்கம். மருந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டோம். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட சாம்பிளிங் வழிகாட்டியிலேயே, இது புள்ளியியல் அடிப்படை கொண்டதல்ல, பொருள் சீராக இருக்கிறது, வந்த இடம் நம்பகமானது என்று தெரிந்தால் மட்டும் மிக எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள் என்று போட்டிருக்கிறது. அந்த 'மட்டும்' என்பதை நம் எஸ்ஓபி எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஒரு முதலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே, "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதமுங்க, இதுக்குப் போய் இவ்வளவா?" என்றார். அண்ணா, 16 டிரம் 16 பானை. எல்லாம் ஒரே அடுப்பில் வெந்ததா என்பதுதான் கேள்வியே. தயாரித்தவரிடமிருந்து நேராக, சீலோடு வந்தால் ஒரே அடுப்பு என்று ஓரளவு நம்பலாம். இடையில் ஒரு டிரேடர் பிரித்து ஊற்றி விற்றிருந்தால், அவர் குடோனில் பக்கத்து டிரம்மில் என்ன இருந்தது என்பது அவருக்கே நினைவிருக்காது. பெயிண்ட் கம்பெனிக்கும் அவர்தான் சப்ளை.

அப்புறம் இந்தக் கலப்புச் சாம்பிள். ஐந்து டிரம்மிலிருந்தும் எடுத்ததை ஒரே ஜாடியில் ஊற்றிக் கலந்து ஒரு சோதனை. செலவு மிச்சம். ஒரு டிரம்மில் டைஎத்திலீன் கிளைக்கால் 0.4 சதவீதம் இருக்கிறது, மற்ற நான்கும் சுத்தம் என்று வையுங்கள். எல்லையைப் போல நான்கு மடங்கு. ஐந்தையும் கலந்தால் 0.08. 'பாஸ்' என்று வரும். கருவி பொய் சொல்லவில்லை, ஆய்வகப் பெண்ணும் தப்புச் செய்யவில்லை. ஜாடியிலேயே விஷயம் மறைந்துவிட்டது. கலப்பது முழுச் சோதனைக்குச் சரிதான், ஆனால் பொருள் இன்னதுதான் என்று தனித்தனியாகப் பார்த்த பிறகு. ஒவ்வொரு கொள்கலனிலிருந்தும் எடுத்து அடையாளச் சோதனை செய்ய வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஜிஎம்பி (நல்ல உற்பத்தி முறை) விதி. பனாமாவுக்குப் பிறகு 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கிளிசரினுக்கு எல்லா டிரம்மையும் சோதிக்கச் சொன்னது. 2023-ல் புரொபிலீன் கிளைக்கால், சார்பிட்டால் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் மருந்து ஆலைகளுக்கான விதிகள், திருத்திய ஷெட்யூல் எம், வந்து, விண்ணப்பித்த சிறு நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் முடியும்வரை தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையும் போய்விட்டது. 2025 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் எழுதி, மூலப்பொருளையும் தயாரித்த மருந்தையும் பேட்ச் பேட்ச்சாகச் சோதிப்பதை உறுதிசெய்யச் சொன்னார். இதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்?

செலவு என்பீர்கள். கலப்பைத் துல்லியமாக அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி (ஜிசி) கருவி எல்லோரிடமும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசலில் செய்யக்கூடிய சில்லறை வேலைகள் இருக்கின்றன. புரொபிலீன் கிளைக்காலின் ஒப்படர்த்தி 1.036. டைஎத்திலீன் கிளைக்கால் 1.12 பக்கம், அதைப் போலவே விஷமான எத்திலீன் கிளைக்கால் 1.11. ஒப்படர்த்தி அளக்கும் ஒரு எஸ்ஜி பாட்டிலும் நல்ல தராசும் இருந்தால் டிரம்மே மாறி வந்ததைக் கால் மணி நேரத்தில் பிடித்துவிடலாம். 16 டிரம்முக்கும் சேர்த்து ஒரு மதியம். திரவத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். டைஎத்திலீன் கிளைக்கால் 1.447 என்று தனியாகத் தெரியும், ஆனால் எத்திலீன் கிளைக்காலும் புரொபிலீன் கிளைக்காலும் இரண்டுமே 1.43 பக்கம் வந்து நிற்கும். இதெல்லாம் பெரிய மோசடியைப் பிடிக்கத்தான் உதவும். ஒரு சதவீதக் கலப்பு எஸ்ஜியில் தெரியவே தெரியாது, அந்த ஒரு சதவீதமே எல்லையைப் போலப் பத்து மடங்கு. அதற்குக் கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகடு போட வேண்டும், சந்தேகம் வந்தால் வெளி ஆய்வகத்துக்கு ஜிசிக்கு அனுப்ப வேண்டும். டிஎல்சி ஒன்றும் கோடி ரூபாய்க் கருவி அல்ல. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த யாருக்கும் கை பழகிய வேலை.

எடுக்கும் முறையையும் ஒரு தடவை நின்று பாருங்கள். நல்ல கை என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் டிரம்மைத் திறக்க மாட்டான். லேபிளில் உள்ள பேட்ச் எண்ணையும் சரக்கு வரவுச் சீட்டான ஜிஆர்என்னில் உள்ளதையும் விரல் வைத்து ஒப்பிடுவான். சீல், நசுங்கல், துரு, லேபிள் மேல் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று சுற்றிவந்து பார்ப்பான். மூடியைச் சுற்றித் துடைப்பான். குழாயை மெதுவாக அடிவரை இறக்கி, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்குவான். அப்போதுதான் மேல், நடு, அடி மூன்றும் ஒரே தண்டாக வரும். பாட்டிலில் விடும்போது வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பான், கலங்கல் பார்ப்பான். அடுத்த டிரம்முக்கு அடுத்த குழாய். பாட்டிலில் டிரம் எண் எழுதிய பிறகுதான் அடுத்த டிரம் பக்கம் போவான். அவசரக்காரன் மேலாக்கில் மக்கை முக்கி ஊற்றுவான். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம். அவசரக்காரனுக்குத்தான் உங்களிடம் நல்ல பெயர், ஏனென்றால் மெட்டீரியல் சீக்கிரம் ரிலீஸ் ஆகிறது.

பல இடங்களில் அவன் கியூசி (தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு) ஆளே அல்ல. ஸ்டோர்ஸ் ஹெல்ப்பர் எடுத்து வைப்பார், கியூசி பெண் வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு போவார். பொருளை வாங்கிய துறையே சாம்பிளும் எடுத்தால் அதற்குப் பெயர் சோதனையா? எஸ்ஓபி ஆங்கிலத்தில் சுவரில் தொங்கும். அதன் கீழே நிற்பவர் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி படித்த பையன், அல்லது கஞ்சிக்கோட்டு மலையாளி, அல்லது ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் படத்தோடு ஒரு பக்கம் எழுதி ஒட்ட என்ன செலவாகும்? பயிற்சிப் பதிவேட்டில் எல்லோருடைய கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே தேதியில் இருப்பதை ஆடிட்டர் கவனிக்காமல் விடலாம். நான் கவனித்திருக்கிறேன்.

பவுடருக்கு வேறு தொல்லை. லாரியில் குலுங்கி வரும்போது நுண்துகள் கீழே போய்விடும். மேலே கரண்டி போட்டு அள்ளினால் மூட்டையின் கதை தெரியாது. சாம்பிளிங் ராடை மூலைவிட்டமாக அடிவரை குத்தி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னொன்று. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் எவ்வளவு ஈரம் என்பது இங்கே துணி காயப்போடும் எவருக்கும் தெரியும். கரண்ட் பில்லுக்குப் பயந்து சாம்பிளிங் பூத்தின் காற்றைச் சீராக்கும் ஏஎச்யூவை நிறுத்தி வைத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் பவுடர் மூட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஈரப்பதம் ஃபெயில் என்று சப்ளையருக்கு மெயில் போடுகிறோம். சப்ளையர் மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம். திறந்து எடுத்த மூட்டையைச் சரியாகக் கட்டாமல் விட்டால் ஈரம் அதற்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். எடுத்த சாம்பிள் நன்றாக இருக்கும், மூட்டை கெட்டிருக்கும்.

தயாரித்து முடித்த சரக்குக்கு வருவோம். ஃபில்லிங் லைனில் தொடக்கம், நடு, முடிவு என்று எடுப்பது எல்லோருக்கும் தெரியும். மருந்து கரையாமல் மிதக்கும் சஸ்பென்ஷன் செய்பவர்கள் இன்னொன்றையும் சேருங்கள்: லைன் நின்று மறுபடி ஓடியதும் வரும் முதல் பாட்டில்கள். சாப்பாட்டு நேரத்தில் கிளறியை நிறுத்திவிட்டுப் போனால் மருந்து அடியில் இறங்கிவிடும். திரும்பி வந்து ஓட்டும் முதல் பாட்டில்கள் கெட்டியாக, அதற்கப்புறம் வருபவை நீர்த்துப்போய் இருக்கும். தொடக்கம், நடு, முடிவு மூன்றும் பாஸ். இடையில் ஒரு குழந்தைக்கு இரட்டை டோஸ் போய்க்கொண்டிருக்கும். பேட்ச் ரெக்கார்டில் நின்ற நேரத்தை எழுதினால்தானே எங்கே எடுப்பது என்று லைனிலேயே தரம் பார்க்கும் ஐபிக்யூசிக்குத் தெரியும்? நின்றதை எழுதினால் புரொடக்‌ஷன் மேலாளர் திட்டுவார் என்றால் எவன் எழுதுவான்?

முடிந்த சரக்கில் எவ்வளவு எடுத்தாலும் ஓர் அளவுக்கு மேல் அது காப்பாற்றாது. 10,000 பாட்டில் பேட்ச்சில் 100 பாட்டில் கெட்டுப்போயிருக்கிறது, அங்கங்கே சிதறி. நீங்கள் 20 எடுக்கிறீர்கள். நூறு முறை எடுத்தால் சுமார் 82 முறை கெட்ட பாட்டில் ஒன்றுகூடக் கையில் வராது. இதைச் சொன்னால் "அப்ப எதுக்கு எடுக்கறது?" என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 20-ஐ நம்பி முன்னால் விட்டதை எல்லாம் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

பின்னால் பார்க்க ஒவ்வொரு பேட்ச்சிலும் எடுத்து வைக்கும் கண்ட்ரோல் சாம்பிள் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்பயரி முடிந்து ஒரு வருடம்வரை, விற்பனைக்குப் போகும் அதே பேக்கில், லேபிளில் போட்ட வெப்பநிலையில் வைக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில், பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு ஒரு புகார் வந்தால் "எங்களிடமிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான். நல்ல லேபிளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வைக்கவும் வேண்டாம். லைனில் வந்தபடி வைத்தால்தான் அது சாட்சி.

டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் கடையில் சாம்பிள் எடுக்கும்போது மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி நான்கு பங்காகப் பிரித்துச் சீல் வைப்பார், தயாரிக்கும் இடத்தில் என்றால் மூன்று. எடுக்கும் காரணத்தை எழுத்தில் கொடுப்பார். ஒரு பங்கை யாரிடமிருந்து எடுத்தாரோ அவரிடமே விட்டுவிட்டுப் போவார். ஒரு பங்கு அரசு ஆய்வாளருக்குப் போகும், ஒன்று நீதிமன்றத்துக்கு. எடுத்தது எது, யாரிடமிருந்து, யார் முன்னால் என்பதற்கு அவ்வளவு மரியாதை. ஒரு பாட்டிலுக்கு அரசு இவ்வளவு செய்கிறது. 3,000 கிலோவுக்கு மேல் வந்து இறங்கும் லோடுக்கு நீங்கள் ஒரு ஹெல்ப்பரையும் ஒரு பிளாஸ்டிக் மக்கையும் விட்டிருக்கிறீர்கள். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி மருந்தை அரசு ஆய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. மெடிக்கல் ஷாப் கவுண்டரில் பாட்டிலை வைத்துக் கேட்ட அந்தப் பெண்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வெகுநாள் ஆகாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய முதலீடு அல்ல. சிரப்பில் போகும் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் எதுவானாலும் எல்லா டிரம்மையும் திறக்கச் சொல்லுங்கள், வர்க்கமூலத்தை இவற்றுக்கு மட்டுமாவது மறந்துவிடுங்கள். டிரம்களைச் சுவரோடு ஒட்டாமல், சுற்றி ஆள் நடக்க இடம் விட்டு வையுங்கள். சாம்பிள் எடுப்பவர் கியூசி ஆளாக இருக்கட்டும், அன்றைக்கு அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் முதலில் கிடைக்கட்டும். சீல் சரியில்லை, வாசனை வேறு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னால், உற்பத்தி நின்றாலும் பரவாயில்லை என்று மேலாளர் முன்னால், அவர் காதுபட நீங்களே ஒருமுறை சொல்லுங்கள். அந்த அதிகாரத்தை எஸ்ஓபியில் எழுதி, அவர் பெயரையும் போடுங்கள்.

அடுத்த லோடு வரும்போது ஸ்டோர்ஸுக்கு நீங்களே ஒரு நடை போய் நில்லுங்கள். ஆடிட் இல்லாத நாளாகப் பார்த்து, சொல்லாமல். பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். கட்டணம் வேண்டாம். வாளையாறுவரை பஸ்ஸில் வந்துவிடுவேன், அங்கிருந்து வண்டி அனுப்பினால் போதும். காலை எட்டு மணிக்குள் என்றால் நல்லது, வெயிலுக்கு முன்னால் டிரம் வேலையை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து
ஓய்வு பெற்ற ஒரு சாம்பிளிங் கெமிஸ்ட்